முதல் செக்டர்

சம்பா காப்பீட்டுக்கு நாளையோடு கடைசி.
மஞ்சக்குப்பத்தில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரவு பத்தேகாலுக்கு
ஞானஸ்கந்தனின் பாதியை அழித்தேன்.

பாதி என்றால் டிஸ்க்கில் பாதி.
கூட்டாகக் கடை போட்ட அன்று
ஆளுக்கு இருநூற்றைம்பது ஜிபி என்று பிரித்தவன் அவன்.
நான் விண்டோஸில் பட்டாவும் சிட்டாவும் எடுத்தேன்.
அவன் லினக்ஸில் என்னவோ எழுதினான்.
எழுதி எழுதி
ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
நாலு மாத வாடகையில் அவன் பங்கு நிற்கிறது.

போய் ஐந்து மாதம். இன்றைக்கும்
பத்து விநாடிக்குள் கீழ் அம்பை அழுத்தாவிட்டால்
மெஷின் அவன் பக்கம்தான் திறக்கும்.
டீ வாங்கிவந்து பார்த்தால்
அவன் வைத்த மலைப் படம்.

ஸ்கேன் போட இடமில்லை என்பதுதான் காரணம்.
வலது கிளிக், டெலிட் வால்யூம், ஆம்.
இலை எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை.
அணைத்துப் போட்டேன்.

கறுப்பு.
மேல் மூலையில் இரண்டு வரி:
அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை.
க்ரப் ரெஸ்க்யூ.
பக்கத்தில் ஒரு கோடு, அணைந்து அணைந்து.

என் பாதி உள்ளே முழுசாக இருக்கிறது,
மூவாயிரம் அடங்கல் நகலோடு.
வாசலில் நிற்பது மட்டும் அவன் வைத்த ஆள்.
டிஸ்க்கின் முதல் செக்டரில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் குந்திக்கொண்டு
அவரைக் கேட்டுத்தான் திறப்பேன் என்கிறான்.
ரோடு அகலமானபோது இடித்த வீட்டின் கதவிலக்கத்தை
இன்னும் விசாரித்துக்கொண்டு வருகிற
கூரியர் பையன் மாதிரி.

ஞானஸ்கந்தனைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் சொல்லுவான்.
நம்பர் மனப்பாடம்.
கேட்கவில்லை.

மாடியில் ஸ்டூடியோ கவுஸ் மொய்தீன்
கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு பென் டிரைவ் கொடுத்தார்,
மேலே பேனாவில் 'பண்ருட்டி வளைகாப்பு'.
அழிச்சுக்கோங்க, காப்பி இருக்கு என்றார்.
கொஞ்சம் கழித்து, இருக்கும் என்றார்.

அவர் மெஷினில் விண்டோஸ் இறங்கி முடிவதற்குள்
மழை வந்து, நின்று, மறுபடி வந்தது.
காற்று தெற்கே திரும்பியதும் சிப்காட் வாடை.
திருப்பாதிரிப்புலியூரில் ஏதோ ரயில் ஊதியது.

பென் டிரைவிலிருந்து திறந்தால்
நட்ட நடுவில் பெரிய பட்டன்: இப்போதே நிறுவு.
அதைத் தொட்டிருந்தால் மூவாயிரமும் போச்சு.
கீழே இடது மூலையில்
பத்திரத்தில் வில்லங்கம் எழுதுகிற சைஸில்
கணினியைப் பழுது பார்.

பூட்ரெக். ஒரு இடைவெளி. சாய்கோடு. ஃபிக்ஸ் எம்பிஆர்.
முதல் தடவை பி-யும் ஆரும் இடம் மாறிவிட்டன.
இரண்டாம் தடவை,
செயல் வெற்றிகரமாக முடிந்தது என்றது.
வாசலில் இருந்தவன் எழுந்து போன சத்தம்கூட இல்லை.
அடுத்து ஃபிக்ஸ் பூட்:
அனுமதி மறுக்கப்பட்டது.
என் கடையில், என் மெஷினில், எனக்கு.
போகட்டும் என்று ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

நீலம் வந்தது. புள்ளிகள் சுற்றின. பாஸ்வேர்ட் கேட்டது.

கண் தானாக வலது கீழ் மூலைக்குப் போயிற்று.
அவன் பக்கம் திறந்து மூடிய பிறகெல்லாம்
என் பக்கத்துக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும்.
ஒன்னுதுதான் தப்பு, என்னுது உலக நேரம் என்பான்.
இரண்டு வருஷமாகத் திருத்தியிருக்கிறேன்,
சில நாள் இரண்டு தடவை.

ஒன்று நாற்பத்து மூன்று.
கைபேசியிலும் ஒன்று நாற்பத்து மூன்று.
மவுஸ் அங்கே போய் நின்றுகொண்டிருந்தது.

காலி இடத்தை இன்னும் என் பக்கம் சேர்க்கவில்லை.
கறுப்புப் பட்டையாக இருக்கிறது,
மேலே 'ஒதுக்கப்படாதது'.

ஆறரைக்கு ஷட்டரைத் தட்டியவர்
குறிஞ்சிப்பாடி தெய்வசிகாமணி, பை நிறையத் தாள்.
ரெண்டு ஏக்கர் சம்பா, முதல் ஆள் நான்தானே என்றார்.
நீங்கதான் என்றேன்.
அரசாங்க செர்வர்
சுற்றிக்கொண்டே இருந்தது.